முந்திரி ஆலைக்கு இன்ஃபர்மேஷன் சிஸ்டம் புராஜெக்ட்: ஸ்டாக் கணக்கு நேராகவே மாட்டேன் என்கிறது

கேள்வி: கெடிலக்கரை

எல்லோருக்கும் வணக்கம். கடலூரிலிருந்து தினமும் போய்வந்து புதுச்சேரியில் எம்.பி.ஏ. படிக்கிறேன். சிறப்புப் பாடம் இன்ஃபர்மேஷன் சிஸ்டம்ஸ், இளநிலையில் பி.காம். கடைசி செமஸ்டர் புராஜெக்டுக்கு நானும் என் வகுப்புத் தோழியும் பண்ருட்டி பக்கம் ஒரு சிறிய முந்திரி ஆலையை எடுத்திருக்கிறோம். விவசாயிகளிடமும் வியாபாரிகளிடமும் கொட்டை வாங்குகிறார்கள். காயவைத்து, ஆவியில் வேகவைத்து, உடைத்து, போர்மாவில் (பருப்பை உலர்த்தும் சூட்டறை) உலர்த்தி, தோல் உரிக்க வீடுகளுக்குக் கொடுத்து வாங்கி, தரம் பிரித்து, கடலூர், புதுச்சேரி இனிப்புக் கடைகளுக்கு விற்கிறார்கள்.

எக்ஸாம்ப் என்ற மென்பொருள் தொகுப்பில் பி.எச்.பி. மொழியும் மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸும் வைத்துச் செய்கிறோம். பொருள், ஸ்டாக், கொள்முதல், விற்பனை, பில் ஆஃப் மெட்டீரியல் (ஒரு பொருளைச் செய்ய எது எவ்வளவு வேண்டும் என்ற பட்டியல்) என்று டேபிள்கள். ஒரு கிலோ பருப்புக்கு நான்கு கிலோ கொட்டை என்று பில் ஆஃப் மெட்டீரியலில் வைத்தோம். சிக்கல்கள் இவை:

மாதக் கடைசியில் சிஸ்டம் காட்டும் இருப்பும் குடோனில் இருப்பதும் ஒத்துப்போவதில்லை. டேபிள்களைச் சரியாக நார்மலைஸ் செய்தால், அதாவது ஒரு தகவல் ஒரே இடத்தில் இருக்கும்படி பிரித்தால், நேராகிவிடும் என்று சொல்கிறார்கள். மூன்றாம் நார்மல் ஃபார்ம் வரை கொண்டுபோயும் மாற்றமில்லை.

எல்லாத் தரத்துக்கும் ஒரே அடக்கவிலை வருகிறது. துண்டுப் பருப்பு எப்போதும் நஷ்டம் என்று ரிப்போர்ட் சொல்கிறது. ஆலைக்காரர் அதைப் பார்த்துச் சிரிக்கிறார்.

பில்லில் சில புதுச்சேரி வாடிக்கையாளர்களுக்கு வரி தப்பாக விழுகிறது.

இன்னும் 12 வாரம்தான் இருக்கிறது. எதைக் கட்டுவது, எதை விடுவது?

பதில் 1: ஆலைத்தளம்

நார்மலைசேஷனை இதில் இழுக்க வேண்டாம். ஒரே தகவல் இரண்டு இடத்தில் இருந்து முரண்படுவதை அது தடுக்கும், அவ்வளவுதான். ஆலையில் நடக்காத ஒன்றை நடந்ததாக எழுதினால் அதை எந்த நார்மல் ஃபார்மும் திருத்தாது.

உங்கள் பில் ஆஃப் மெட்டீரியல் நாற்காலி செய்யும் கம்பெனிக்கு உரியது. அங்கே பல பொருள் உள்ளே போய் ஒன்று வெளியே வரும். முந்திரியில் ஒன்று உள்ளே போய்ப் பல வெளியே வருகிறது, அதுவும் விகிதம் லாட்டுக்கு லாட் (சேர்ந்து வந்த ஒரு தொகுதிச் சரக்கு ஒரு லாட்) மாறுகிறது. நான்குக்கு ஒன்று என்ற நிலையான விகிதத்தை வைத்து ஸ்டாக்கைக் கழிக்கும் வரை மாதாமாதம் வித்தியாசம் வரத்தான் செய்யும்.

ஒரு லாட்டை எடுத்துக் காகிதத்தில் போட்டுப் பாருங்கள். 80 கிலோ மூட்டை 100, மொத்தம் 8,000 கிலோ. எண்கள் மாதிரிக்காக:

காயவைத்ததும் 7,760. ஈரம் போனது 240.
உடைத்ததும் தோலோடு பருப்பு 2,370, ஓடு 5,330, கணக்கில் வராதது 60.
போர்மாவிலிருந்து வந்தது 2,220. ஈரம் போனது 150.
உரித்ததும் பருப்பு 2,050, தோல் 130, தூள் 30, கணக்கில் வராதது 10.

ஒவ்வொரு வரியிலும் உள்ளே போனது, வெளியே வந்தவற்றின் கூட்டுத்தொகைக்குச் சமம். இங்கே ஈரமும் ஒரு வெளியீடு, கணக்கில் வராததும் ஒரு வெளியீடு. இரண்டுக்கும் தனித்தனிப் பதிவு இருக்க வேண்டும். பெரும்பாலான மாணவர் புராஜெக்டுகள் இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டு ‘வேஸ்டேஜ்’ என்று மூடிவிடுகின்றன. ஈரம் போவது இயற்கை, அதற்கு ஓர் எதிர்பார்க்கும் அளவு உண்டு. கணக்கில் வராத 60 கிலோவுக்கு யாராவது காரணம் சொல்லியாக வேண்டும். இரண்டும் கலந்த பிறகு அதைக் கேட்கவே வழியில்லை.

டேபிள் அமைப்பு இப்படி மாறட்டும். லாட் ஒரு டேபிள். ‘செயல்’ இன்னொன்று: எந்த வகை வேலை, எந்த நாள், எந்த இயந்திரம் அல்லது போர்மா, யார் பொறுப்பு. அதற்குக் கீழே உள்ளே போனவற்றின் பதிவுகள், வெளியே வந்தவற்றின் பதிவுகள் என்று இரண்டு டேபிள்கள். ஒரு செயலுக்குப் பல லாட் உள்ளே போகலாம், பல பொருள் வெளியே வரலாம். போர்மாவில் இரண்டு லாட் கலந்து போடுவது சாதாரணம். ‘ஒரு லாட்டுக்கு ஒரு தாய் லாட்’ என்று ஒரே காலத்தில் (டேபிளின் நெடுவரிசையில்) அடைத்தீர்களானால் அன்றைக்கே தடம் அறுந்துவிடும்.

இருப்பு என்று ஒரு காலம் வைத்து அதைக் கூட்டிக் கழித்து அப்டேட் செய்யாதீர்கள். ஸ்டாக் டேபிளை எடுத்துவிடுங்கள். அசைவுகள் (சரக்கு வந்தது, போனது) மட்டும் சேரட்டும், இருப்பை அவற்றின் கூட்டுத்தொகையாக வியூவில் (கேட்கும்போது கணக்கிட்டுக் காட்டும் டேபிள்) காட்டுங்கள். தப்பாக எழுதிய அசைவை அழிக்கக் கூடாது, எதிர்ப்பதிவு போட வேண்டும். ஒவ்வொரு அசைவுக்கும் நடந்த தேதி ஒன்று, பதிந்த நேரம் ஒன்று என இரண்டும் வேண்டும். சனிக்கிழமை உடைத்ததைத் திங்கள்கிழமை பதிவதுதான் எல்லா ஆலையிலும் வழக்கம். பதிந்த நேரத்தை மட்டும் வைத்தால் மாதக் கடைசி இருப்பு அடுத்த மாதத்துக்குள் வழிந்துவிடும். உங்கள் வித்தியாசத்தில் ஒரு பங்கு இதுவாகவே இருக்கலாம்.

அடுத்துச் சாக்கு. ஒரு சணல் சாக்கு ஏறக்குறைய ஒரு கிலோ. வாங்கும்போது எடை மேடைச் சீட்டில் சாக்கோடு சேர்த்த எடை, உள்ளே தராசில் கொட்டையின் எடை மட்டும் என்றால், 100 மூட்டைக்கு 100 கிலோ காற்றில் போகும். மொத்த எடை, சாக்கு எடை, நிகர எடை என மூன்றும் பதிவாகட்டும். நிகரத்தை சிஸ்டமே கணக்கிடட்டும்.

இன்னொன்று. வெளியீடு உள்ளீட்டைவிடக் கூடக் கூடாது என்று கட்டுப்பாடு போடத் தோன்றும். வேண்டாம். போர்மாவிலிருந்து வந்த பருப்பு நன்றாக உலர்ந்திருக்கும், ஐப்பசி கார்த்திகை மழையில் கடலூர்க் காற்றில் ஈரத்தை இழுத்து எடை கூடும். அதைத் தடுத்தால் பதிபவர் எண்ணை மாற்றி எழுதத் தொடங்குவார், பிறகு எந்த எண்ணையும் நம்ப முடியாது. எச்சரிக்கை காட்டுங்கள், காரணம் கேளுங்கள், பதிவை ஏற்றுக்கொள்ளுங்கள்.

பதில் 2: கணக்கு அக்கா

அடக்கவிலையும் வரியும் நான் சொல்றேன் தங்கச்சி. பி.காம்.ல படிச்ச கூட்டுப்பொருள் அடக்கவியல் (ஒரே மூலப்பொருள்லேருந்து பல பொருள் வந்தா செலவைப் பிரிக்கிறது) பாடத்தை எடுத்துக்கோங்க, அப்படியே இதுதான்.

மேல சொன்ன லாட்டுக்கே ஒரு கணக்கு. கொட்டை கிலோ 120 ரூபாய்னா 9,60,000. கூலி, விறகு, மின்சாரம் 1,40,000. மொத்தம் 11,00,000. ஓடு துணைப்பொருள், அதுல எண்ணெய் எடுக்க வாங்குவாங்க. கிலோ 5 ரூபாய்னு 5,330 கிலோவுக்கு 26,650 வருது, அதைக் கழிச்சிடுங்க. மீதி 10,73,350. இதை 2,050 கிலோவால வகுத்தா எல்லாத் தரத்துக்கும் 523 ரூபாய் 59 காசு. நீங்க பண்ணியிருக்கிறது இதுதான்.

இப்ப தரம் பிரிச்சுப் பாருங்க. டபிள்யூ 240 தரம் (பெரிய முழுப் பருப்பு) 400 கிலோ, விலை 800. டபிள்யூ 320 தரம் (அதைவிடச் சின்ன முழுப் பருப்பு) 900 கிலோ, விலை 720. பாதி 450 கிலோ, விலை 620. துண்டு 300 கிலோ, விலை 480. மொத்த விற்பனை மதிப்பு 13,91,000. அடக்கத்தை இந்த மதிப்பின் விகிதத்துல பிரிச்சா டபிள்யூ 240க்கு 617.30, டபிள்யூ 320க்கு 555.60, பாதிக்கு 478.40, துண்டுக்கு 370.40 வரும். எடைப்படி பார்த்தப்ப கிலோவுக்கு 43 ரூபாய் நஷ்டம் காட்டின துண்டு, இப்ப அதன் பங்கை மட்டும்தான் சுமக்குது. ஆலைக்காரர் சிரிச்சதுல நியாயம் இருக்கு. யாரும் துண்டு செய்யணும்னு கொட்டை வாங்கறதில்ல, முழுசு எடுக்கப் போய் துண்டு விழுது. இருப்பு மதிப்பீட்டுக்கான கணக்கியல் தரம் 2 விற்பனை மதிப்பு விகிதத்தை ஒரு வழியா ஏத்துக்குது, துணைப்பொருள் மதிப்பை முதன்மைப் பொருளின் அடக்கத்துல கழிக்கவும் சொல்லுது. ரிப்போர்ட்ல அதை மேற்கோள் காட்டுங்க.

சிஸ்டத்துல கவனிக்க வேண்டியது: விலை தினமும் மாறும். விகிதம் போட்ட அன்னைக்கு எந்த விலைப் பட்டியல் இருந்ததோ அதை லாட்டோட சேர்த்துச் சேமிச்சிடுங்க. இன்னைக்கு விலையை வச்சுப் போன மாசத்து லாட்டைத் திரும்பக் கணக்கிட்டா முடிஞ்சுபோன மாசத்தோட லாபம் மாறிடும்.

வரிக்கு வருவோம். நீங்க பின்கோட் முதல் மூணு எண்ணை வச்சு மாநிலத்தைக் கண்டுபிடிக்கிறீங்களா? 605ன்னா புதுச்சேரி, 607ன்னா கடலூர்னு? அப்படின்னா காரணம் அங்கதான். பாகூர் 607402, ஆனா புதுச்சேரி. கோட்டக்குப்பம் 605104, ஆனா தமிழ்நாடு. விழுப்புரமே 605602. காரைக்கால் 609ல தொடங்கும், மாஹே 673310, ஏனாம் 533464, மூணும் புதுச்சேரி ஒன்றியப் பிரதேசம்தான். பதிவு பெற்ற வாடிக்கையாளர்னா ஜி.எஸ்.டி. எண்ணோட முதல் ரெண்டு இலக்கம் மாநிலக் குறியீடு: தமிழ்நாடு 33, புதுச்சேரி 34. பதிவில்லாதவர்னா மாநிலத்தைத் தனியா ஒரு கட்டாயக் காலமாக் கேளுங்க, ஊகிக்காதீங்க.

பண்ருட்டியிலிருந்து புதுச்சேரிக்கு அனுப்பினா அது மாநிலத்துக்கு வெளியே விற்பனை, ஐ.ஜி.எஸ்.டி. (மாநிலம் தாண்டின விற்பனைக்கான வரி) விழணும். கடலூர்லேருந்து பாலம் தாண்டினா பாகூர் பக்கம், பத்து நிமிஷப் பயணமா இருந்தாலும் அதேதான். சில மாணவர்கள் ஒன்றியப் பிரதேசம்னு பார்த்து யூ.டி.ஜி.எஸ்.டி. (ஒன்றியப் பிரதேச வரி) போடுறாங்க. புதுச்சேரிக்குச் சட்டமன்றம் இருக்கு, அதனால அங்க மாநில வரியான எஸ்.ஜி.எஸ்.டி.தான். யூ.டி.ஜி.எஸ்.டி.க்குன்னு ஒரு காலம் உங்க டேபிள்ல தேவையே இல்ல.

பில் ஒருத்தருக்கு, சரக்கு இன்னொருத்தருக்குன்னு வர்றதையும் தனியா வைங்க. புதுச்சேரி வியாபாரி உங்ககிட்ட வாங்கி, ‘நேரா கடலூர்ல என் வாடிக்கையாளர் கடையில இறக்கிடுங்க’ன்னு சொன்னா, வரிக் கணக்குல ‘வழங்கும் இடம்’னு எடுத்துக்கறது புதுச்சேரி. சரக்கு எல்லையைத் தாண்டவே இல்லன்னாலும் ஐ.ஜி.எஸ்.டி. அதனால பில் முகவரி, இறக்கும் முகவரி ரெண்டும் வேற வேற காலம். வரியை முடிவு பண்றது எதுங்கிற விதியை ஒரே இடத்துல ஒரு ஃபங்ஷனா எழுதுங்க.

கொள்முதல்லயும் ஒரு விஷயம் இருக்கு. ஓடு உடைக்காத முந்திரிக் கொட்டையை விவசாயிகிட்ட வாங்கினா, பதிவு பெற்ற ஆலைதான் தலைகீழ் முறையில வரி கட்டணும். விவசாயி பில் தரமாட்டார், ஆலையே தனக்குத் தானே பில் போட்டுக்கணும், சரக்கு வந்து 30 நாளுக்குள்ள. உங்க கொள்முதல் டேபிள்ல ‘விற்றவர் பில் எண்’ கட்டாயம்னு வச்சிருந்தா பதியறவர் அங்க 1, 2, 3ன்னு எதையாவது அடிச்சுட்டுப் போவார். விவசாயி, வியாபாரின்னு ரெண்டு வகையாப் பிரிச்சு, விவசாயிக்கு மட்டும் ஆலையோட சொந்த எண் வரிசை ஓடட்டும்.

உரிக்கக் கொடுக்கறதை ஆலையோட தணிக்கையாளர் ஜாப் ஒர்க்கா (தன் பொருளைக் கொடுத்துக் கூலிக்கு வேலை வாங்கறது) நடத்தறாரான்னு கேட்டுக்கோங்க. அப்படின்னா செலான் வேணும், கொடுத்த பொருள் ஒரு வருஷத்துக்குள்ள திரும்பணும். உரிக்கிற இடம் பாகூர்ப் பக்கமா இருந்தா மாநிலம் தாண்டின ஜாப் ஒர்க், மதிப்பு எவ்வளவு கம்மியா இருந்தாலும் இ-வே பில் (சரக்கு போறதுக்கு ஆன்லைன்ல எடுக்கற சீட்டு) போடணும். சாதாரண விற்பனைக்கு மாநிலம் தாண்டினா 50,000 ரூபாய்க்கு மேல, தமிழ்நாட்டுக்குள்ளேயே ஒரு லட்சத்துக்கு மேல. இந்த எல்லைகளைக் கோடுக்குள்ள எழுதாம, நடைமுறைக்கு வந்த தேதியோட ஒரு டேபிள்ல வைங்க. வரி விகிதமும் அங்கேயே.

பதில் 3: லாஸ்பேட்டை டிபி

டேட்டாபேஸ் பற்றி மட்டும்.

எக்ஸாம்ப்பில் மைஎஸ்கியூஎல் என்று காட்டுவது உண்மையில் மரியாடிபி என்ற டேட்டாபேஸ். பதிப்பைப் பார்த்து ரிப்போர்ட்டில் சரியாக எழுதுங்கள், வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) முதலில் அகப்படுவது இதுதான். கல்லூரி லேபில் பழைய மைஎஸ்கியூஎல் இருந்தால் இன்னும் கவனம் தேவை: 8.0.16க்கு முந்தைய பதிப்புகள் செக் கட்டுப்பாட்டை (எந்த மதிப்பை ஏற்கலாம் என்ற விதி) வாசித்துவிட்டு அமல்படுத்தாமல் விட்டுவிடும். எர்ரரும் வராது. மைனஸ் எடையைப் போட்டுச் சோதித்துப் பாருங்கள்.

எடைக்கும் பணத்துக்கும் ஃபுளோட் (தோராய எண் வகை) வேண்டாம், டெசிமல் (துல்லிய எண் வகை) போடுங்கள். எடைக்கு 12 இலக்கம், அதில் 3 புள்ளிக்குப் பின். ஃபுளோட்டில் 0.1 சரியாக உட்காராது, ஆயிரக்கணக்கான அசைவுகளைக் கூட்டும்போது சில கிராம் நழுவும். பிறகு இருப்பு பூஜ்யமாக இருந்தாலும், பூஜ்யமா என்ற சோதனை பல நேரம் பொய் என்று வரும்.

டேபிள் இன்ஜின் இன்னோடிபியாக இருக்கட்டும். மைஐசாம் என்ற இன்ஜினில் டிரான்சாக்ஷன் (பல பதிவுகள் ஒன்றாக ஏறுவது, இல்லையேல் எதுவும் ஏறாதது) இல்லை. ஒரு செயலின் உள்ளீட்டுப் பதிவு ஏறி வெளியீட்டுப் பதிவு ஏறுவதற்குள் கரண்ட் போனால் பாதிப் பதிவு நிற்கும்.

இருப்பைக் கூட்டிப் பார்த்துவிட்டு விற்பனை பதியும் இடத்தில், முதலில் லாட் டேபிளில் அந்த லாட்டின் பதிவை ‘ஃபார் அப்டேட்’ போட்டுப் பூட்டுங்கள். இல்லையென்றால் இரண்டு பேர் ஒரே நேரத்தில் கடைசி டின்னை விற்பார்கள்.

பில் எண்ணுக்கு ஆட்டோ இன்கிரிமென்ட் (டேட்டாபேஸ் தானாகக் கூட்டித் தரும் எண்) கூடாது. டிரான்சாக்ஷன் ரோல்பேக் ஆனால், அதாவது ரத்தானால், அந்த எண் திரும்ப வராது, வரிசையில் ஓட்டை விழும். பில் எண் நிதியாண்டுக்குள் தொடர்ச்சியாக, 16 எழுத்துக்கு மிகாமல் இருக்க வேண்டும். வரிசை எண்ணுக்குத் தனி டேபிள் வைத்து, அதே டிரான்சாக்ஷனுக்குள் பூட்டி எடுங்கள்.

விற்ற டின்னிலிருந்து கொட்டை வாங்கிய ஆள் வரை பின்னோக்கிப் போக ரிகர்சிவ் கியூரி (கிடைத்த விடையிலிருந்து மீண்டும் மீண்டும் தேடும் கட்டளை) வேண்டும். மரியாடிபி 10.2 முதலும் மைஎஸ்கியூஎல் 8.0 முதலும் தாங்கும். பி.எச்.பி.யில் லூப் போட்டு எழுத வேண்டியதில்லை.

தமிழில் பெயர் பதிவதாக இருந்தால் டேபிளும் கனெக்ஷனும் இரண்டுமே யூடிஎஃப்8எம்பி4 என்ற எழுத்துக் குறியாக்கத்தில் இருக்கட்டும். ஒன்றை மட்டும் மாற்றினால் கேள்விக்குறிகளாக நிற்கும்.

பதில் 4: பாடத்திட்டம்

12 வாரத்தில் எதை விடுவது என்று கேட்டீர்கள். பில்லிங்கை விடுங்கள், பேரேட்டை விடுங்கள், ஜி.எஸ்.டி. ரிட்டர்னை விடுங்கள். ஆலையில் டேலி என்ற கணக்கு மென்பொருள் இருக்கும். கொட்டை கேட்டுக்குள் வருவதிலிருந்து தரம் பிரித்து டின்னில் அடைப்பது வரை, அதுதான் உங்கள் எல்லை. விற்பனை விவரத்தை எக்செல்லாகக் கொடுத்தால் போதும், டேலி பிரைம் 4.0 முதல் எக்செல்லிலிருந்து நேராக ஏற்றலாம். மேலே அக்கா சொன்ன மாநிலக் குறியீடு, பில் முகவரி, இறக்கும் முகவரி மூன்றும் அந்தக் கோப்பில் சுத்தமாக இருந்தாலே வரிச் சிக்கலில் பெரும்பகுதி போய்விடும்.

வைவாவில் ‘டேலியிலேயே செய்யலாமே, இது எதற்கு?’ என்று நிச்சயம் கேட்பார்கள். டேலியில் முடியாது என்று சொல்லிவிடாதீர்கள், அது தவறான பதில். அதன் மேனுஃபாக்சரிங் ஜர்னலில் (உற்பத்திப் பதிவு) இணைப்பொருள், துணைப்பொருள், கழிவு என்று வகை பிரிக்கவே வசதி உண்டு. அங்கே பதிவாவது முடிவு மட்டும். எந்த போர்மா, எத்தனை மணி நேரம், சாக்கு எடை எவ்வளவு, யாரிடம் உரிக்கப் போனது என்பவை நடக்கும் இடத்திலேயே பதிவாக வேண்டும், அந்த இடம் கணக்கர் மேசை அல்ல. இப்படிச் சொன்னால் அடுத்த கேள்விக்கு அவர்களே நகர்வார்கள்.

முதல் இரண்டு வாரம் கம்ப்யூட்டரைத் திறக்க வேண்டாம். ஆலையில் இப்போது எழுதும் ஒவ்வொரு நோட்டும் சீட்டும், அதன் ஒரு நிரம்பிய பக்கத்தோடு, உங்கள் கையில் இருக்க வேண்டும்: எடை மேடைச் சீட்டு, கேட் நோட்டு, உடைப்புக் கூலி நோட்டு, உரிக்கக் கொடுத்த நோட்டு, தரம் பிரித்த பலகை. ஒவ்வொரு காலத்துக்கும் நான்கு கேள்வி. யார் எழுதுகிறார், எப்போது, எதைப் பார்த்து, பிறகு யார் படிக்கிறார். யாரும் படிக்காத காலத்தை உங்கள் ஸ்கிரீனில் வைக்காதீர்கள். நோட்டில் காலமே இல்லாமல் ஓரத்தில் பென்சிலால் எழுதியிருப்பதைக் கட்டாயம் கேளுங்கள். ஆலைக்குத் தேவைப்பட்டு, வடிவம் கிடைக்காமல் நிற்கும் தகவல் அதுதான்.

டேட்டா ஃபுளோ டயகிராமில் (தகவல் எங்கிருந்து எங்கே போகிறது என்ற படம்) ஒவ்வொரு அம்புக்கும் கிலோவை எழுதுங்கள். பாடப்புத்தகத்தில் அப்படி இருக்காது, ஆனால் உள்ளே வந்தது வெளியே போகாத புராசஸ், எதுவும் உள்ளே வராமல் வெளியே தரும் புராசஸ் இரண்டும் எண் போட்டவுடன் தெரிந்துவிடும். முதல் நிலைப் படத்தில் இருக்கும் அம்பு இரண்டாம் நிலையில் காணாமல் போயிருக்கிறதா என்பதையும் தேர்வாளர்கள் விரல் வைத்துப் பார்ப்பார்கள். வெளியாள் நேராக டேட்டா ஸ்டோருக்கு அம்பு விடக் கூடாது, நடுவில் ஒரு புராசஸ் வேண்டும்.

பத்து ரிப்போர்ட் காட்டுவதைவிட ஆலைக்காரர் பணம் கொடுத்து வாங்கும் ஒன்றைக் காட்டுங்கள். கொட்டை வாங்கும்போது மாதிரி உடைத்துப் பார்ப்பார்கள். ஒரு கிலோ மாதிரியில் நல்ல பருப்பு 282 கிராம், புள்ளி விழுந்தது 20 கிராம் என்றால், புள்ளி விழுந்ததில் பாதியைச் சேர்த்து 292. அதை மூட்டை எடையான 80ஆல் பெருக்கி, ஒரு பவுண்டின் கிராமான 453.6ஆல் வகுத்தால் மூட்டைக்கு 51.5 பவுண்டு. இதுதான் வாங்கும் விலையை முடிவு செய்யும் எண். லாட் முடிந்ததும் உண்மையில் என்ன வந்தது என்று பக்கத்தில் காட்டுங்கள். எதனோடு ஒப்பிடுகிறீர்கள் என்பதில் கவனம். மாதிரியில் நிறுப்பது தோலோடு, போர்மாவுக்குப் போகாத பருப்பு. ஆகவே உடைத்த பின் வந்த 2,370 கிலோவோடு, அதாவது மூட்டைக்கு 52 பவுண்டோடு ஒப்பிட வேண்டும். உரித்து முடித்த 2,050 கிலோ மூட்டைக்கு 45 பவுண்டுதான் வரும். அதோடு ஒப்பிட்டால் கொட்டை விற்ற அத்தனை பேரும் ஏமாற்றியதாகத் தெரியும். மாதிரி எண்ணும் உண்மை எண்ணும் விற்றவர் வாரியாக ஒரு பருவம் சேர்ந்தால், அடுத்த பங்குனி சித்திரையில் யாரிடம் என்ன விலைக்கு வாங்கலாம் என்பது அதிலிருந்தே வரும். டிரான்சாக்ஷன் புராசஸிங், மேனேஜ்மென்ட் இன்ஃபர்மேஷன், டிசிஷன் சப்போர்ட் என்று சிஸ்டத்தின் மூன்று வகையையும் இந்த ஒரு எண்ணின் பயணத்திலேயே விளக்கிவிடலாம்.

ரிப்போர்ட்டின் பின்னிணைப்பில் விவசாயிகள், தொழிலாளர்கள் பெயர், போன், ஆதார் எதுவும் வரக் கூடாது. ஆதார் எண்ணுக்கு உங்கள் டேபிளில் காலமே வேண்டாம். டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 பாடத்தில் இருக்கும், கேட்டால் இதைச் சொல்லுங்கள்.

கேள்வி கேட்டவர்: கெடிலக்கரை

மிக்க நன்றி. பின்கோட் விஷயம் அப்படியே உண்மை, 605ஐ வைத்துத்தான் எழுதியிருந்தோம். ஸ்டாக் டேபிளை எடுத்துவிட்டு அசைவு டேபிளாக மாற்றத் தொடங்கிவிட்டோம்.

இன்னொரு சந்தேகம். உரிக்கக் கொடுத்த எடைக்கும் திரும்பிய எடைக்கும் உள்ள குறையைக் கணக்கிட்டு, ஒரு சதவீதத்துக்கு மேல் போனால் கூலியில் தானாகக் கழிக்கும்படி ஸ்கிரீன் வேண்டும் என்று ஆலையில் கேட்கிறார்கள். செய்வது எளிதுதான். செய்யலாமா?

பதில் 5: ஆலைத்தளம்

தானாகக் கழிக்கும் பகுதியைச் செய்யாதீர்கள். ஆலைக்காரரிடம் காரணத்தோடு சொன்னால் ஒப்புக்கொள்வார், ஏனென்றால் அந்தக் கூலிப் பிடித்தம் அவருக்கும் உண்மையைச் சொல்லாது.

உரிப்பதில் வரும் குறையும் உடைசலும் உரிப்பவரின் கையை மட்டும் சார்ந்தவை அல்ல. போர்மாவில் உலர்ந்தது போதாவிட்டால் தோல் பருப்போடு ஒட்டிக்கொள்ளும். நகத்தாலோ கத்தியாலோ சுரண்டும்போது பருப்பு சீவிப் போகும், எடை குறையும். அதிகம் உலர்ந்துவிட்டால் பருப்பு நொறுங்கும், முழுசு குறைந்து துண்டு கூடும். போர்மாவின் ஓரத் தட்டும் நடுத் தட்டும் ஒரே சூட்டில் இருப்பதில்லை. ஆக, ஒரே போர்மாவில் வெவ்வேறு தட்டிலிருந்து வாங்கிப் போன இரண்டு பெண்களுக்கு இரண்டு விதமான குறை வரும். அது அவர்கள் கையில் இல்லை. கூலியில் கழித்தால் போர்மாவின் பிழைக்கு வீட்டிலிருந்து உரிப்பவர் பணம் கட்டுகிறார், போர்மா அப்படியே ஓடிக்கொண்டிருக்கும்.

எடையிலும் கேள்வி இருக்கிறது. கொடுக்கும்போது பெரிய தராசு, வாங்கும்போது மேசைத் தராசு என்றால் இரண்டின் மிகச்சிறு அளவு வேறு. 50 கிராம் படியில் நிறுக்கும் தராசில் 5 கிலோ கொடுத்தால், அந்த ஒரு படியே ஒரு சதவீதம். இதை வைத்து ஒரு சதவீதக் குறைக்குக் கூலி கழிக்க முடியாது. இரண்டு முறையும் ஒரே தராசு, உரித்த தோலையும் திரும்ப வாங்கி நிறுப்பது, தராசு எண்ணைச் சீட்டில் எழுதுவது மூன்றையும் முதலில் கொண்டுவாருங்கள். தோல் எடை பதிவானால்தான் குறை உண்மையிலேயே குறையா என்று தெரியும்.

டேபிளில் செய்ய வேண்டியது சிறியது. உரிக்கக் கொடுக்கும் சீட்டில் போர்மா எண், அன்றைய சுற்று, தட்டு வரிசை என்று மூன்று காலம். பிறகு ஒரே குறையை இரண்டு விதமாகக் கூட்டுங்கள்: உரித்தவர் வாரியாக ஒரு முறை, போர்மாச் சுற்று வாரியாக ஒரு முறை. ஒரு சுற்றில் வாங்கிய எல்லோருக்கும் குறை கூடியிருந்தால் அது போர்மா. எந்தச் சுற்றில் வாங்கினாலும் ஒருவருக்கு மட்டும் கூடினால் அவரோடு ஆலைக்காரர் பேசட்டும். ஒருவருக்கு மூன்று நான்கு சுற்றுப் பதிவு சேராமல் ரிப்போர்ட்டில் அவர் பெயரைக் காட்டவே வேண்டாம்.

இதோடு தரம் பிரித்த விவரத்தையும் சேருங்கள். முழுசு, பாதி, துண்டு விகிதம் போர்மாச் சுற்று வாரியாக வந்தால், கணக்கு அக்கா போட்ட விலையிலேயே ஒரு சுற்று கெட்டால் எவ்வளவு பணம் போகிறது என்று காட்டலாம். 100 கிலோ டபிள்யூ 320 துண்டாகிவிட்டால் 24,000 ரூபாய். கூலியில் கழிக்க நினைக்கும் தொகையை இதன் பக்கத்தில் வைத்து ஆலைக்காரரிடம் காட்டுங்கள். போர்மாவுக்கு ஒரு வெப்பமானியும், சுற்று முடிந்ததும் ஈரம் பார்க்கும் கருவியும் வாங்கச் சொல்லலாம். அவற்றின் எண்களைப் பதிய ‘செயல்’ டேபிளில் இரண்டு காலம் இப்போதே விட்டுவையுங்கள்.